லெட்சுமி அக்கா வைத்த சிவப்பு

சூலியா தெருவில் சோற்றுப் பொட்டலத்துக்கு நின்றிருந்தபோது லெட்சுமி அக்காவின் தம்பி மாரி போனில் கூப்பிட்டான். "அக்கா போயிட்டாங்கண்ணே. காலையில எழுப்புனேன், எந்திரிக்கல." பொட்டலத்தை வாங்காமலே ஆயர் ஈத்தாமில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் ஞாயிறுதோறும் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைவோம். குடைகள், பாய்கள், குளிக்கும் பிள்ளைகள் என்று விடுமுறை வெயிலை அவர் இம்பிரஷனிஸ்ட் பாணியில் திட்டுத்திட்டாக அப்புவார். அங்கேயே முடிப்பார்; வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தவே மாட்டார். ஒருநாள் வேடிக்கை பார்த்த ஒருவர் படத்தில் தென்னைமரம் ஒன்று சேர்க்கச் சொன்னார். "நட்டுட்டு வா லா, வளந்ததும் வரையிறேன்" என்றார் அக்கா. அப்பப்பா, என்ன வாய்! "பாக்காதத போட்டா அது பொய்" என்று என்னையும் திட்டுவார்.

ஒரு பள்ளி விடுமுறையில், குடை நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்தை வரைந்துகொண்டிருந்தார். மஞ்சள் சுடிதார் போட்ட மனைவியை முடித்துவிட்டுக் கணவனைத் தொடங்கியிருந்த நேரம். குழம்பு கொட்டிவிட்டதாம்; அவன் அவள் முகத்தில் ஓங்கிக் குத்தினான். மூக்கு உடைந்து மஞ்சள் துணியெல்லாம் ரத்தம். விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். சுற்றியிருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். பாவிகள்!

அக்கா படத்தைக் கீழே வைத்தார், படம் வைக்கும் தாங்கியின் கட்டையைப் பிடுங்கினார், ஓடினார். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் அவன் தோளில் இரண்டு அடி விழுந்துவிட்டது. அவன் அக்காவைத் தள்ளி, வலது கையை மிதித்து நசுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நானும் அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த தூண்டில்காரர்களும் அவனை மணலில் அழுத்திப் பிடித்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அக்கா இடது கையால் சிவப்பை எடுத்துப் படத்திலிருந்த மஞ்சளின் மேல் வைத்தார். "இதையும்தானே பாத்தேன்" என்றார். கணவன் இருந்த இடத்தைச் சாயம் அப்பும் கத்தியால் சுரண்டிவிட்டார். அந்தப் படத்தைக் கடைசிவரை விற்கவில்லை.

சாவு வீட்டில் அந்தப் படம் அக்காவின் தலைமாட்டில் இருந்தது. பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. சிவப்பின் மேல் புதிதாக ஒரு செம்பருத்தி வரைந்திருந்தது!

"நீயாடா?" என்றேன் மாரியிடம்.

"சாவு வீட்டுல ரத்தம் எதுக்குண்ணே? நேத்து கூட அக்கா சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க..." மாரி அழுதான். விளம்பரப் பலகை எழுதுகிறவன். பூ நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். வளைந்த மூக்கைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அக்காவின் காலைத் தொட்டு அழுதாள். பிறகு படத்தின் முன்னால் நின்றாள், வெகுநேரம். சட்டென்று துப்பட்டாவால் அந்தப் பூவை அழுத்தித் துடைத்தாள். ஈரச் சாயம் அப்படியே வந்துவிட்டது. அடியில் அக்கா வைத்த சிவப்பு காய்ந்து, அசையாமல் இருந்தது.

"நான் மறுபடி அவன்கிட்ட போகலக்கா" என்றாள் அக்காவிடம்.

மாரி படத்தை எனக்குக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சிவப்பைக் காட்டி அது என்ன பூ என்று கேட்கிறார்கள். ரத்தம் என்று சொல்கிறேன்.