புது டயர் பின்னால்தான்

டயர் வியாபாரம் என்பது, யாருமே ஆசைப்பட்டு வாங்காத ஒரு பொருளை ஆசையோடு விற்கிற தொழில். கார் வாங்குகிறவர் குடும்பத்தோடு போய், மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொள்வார். அதே ஆள் டயர் மாற்ற வரும்போது பல் பிடுங்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் என் கடை. போன் எடுப்பதற்காக இங்கே சேர்ந்தவள் நான். பழைய முதலாளி வயதாகி ஒதுங்கிக்கொண்டதும் கடையை நானே எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. கார் வந்து நின்றதும் நான் கேட்கிற முதல் கேள்வி, பின் சீட்டில் யார் உட்காருவார்கள் என்பதுதான். ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருக்கிறது. பின்னால் தூங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு டயரை விட்டால் வேறு நாதி இல்லை. நீங்களும் கடை வைத்து, தெரிந்ததைச் சொன்னதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால், கீழே உள்ளதெல்லாம் உங்கள் கதையும்தான்.

முதலாளியைத் தேடியவர்

ராயகிரியிலிருந்து ஒரு பெரியவர் செடான் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ரெண்டு போன். என்னைத் தாண்டிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "ஓனர் இல்லையா?" என்றார். "என்கிட்ட சொல்லலாம் அண்ணாச்சி" என்றேன். "இல்லம்மா, டயர் விஷயமாப் பேசணும்" என்றார், நான் ஏதோ பூக்கடை வைத்திருக்கிற மாதிரி.

எழுந்துபோய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இடது முன்டயர் உள்பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. "சமீபத்துல ஒரு பள்ளத்துல நல்லா இறக்கியிருக்கீங்க, அலைன்மென்ட் போயிருச்சு" என்றேன். பின்டயர் இரண்டும் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தன. "காத்து அளவுக்கு மீறி அடிக்கீங்க" என்றேன். அவர் நம்பாமல் எங்கள் ஃபிட்டர் மாடசாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே, "அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நாலு டயரையும் மாற்றிக்கொண்டு, கிளம்பும்போது பெரியவர் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "ஓனர் வந்தாருன்னா சொல்லுங்கம்மா, கடையில நல்ல ஆளாத்தான் வச்சிருக்காரு."

முடி உள்ள டயர்

புது டயரின் மேல் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதுதான் டயரின் ஜாதகம். முடி இருந்தால் புதுசு, உதிர்ந்திருந்தால் பழசு.

குருவிகுளத்திலிருந்து ஓர் ஆசிரியர், சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த இரண்டு டயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோட்டையே பார்க்காத டயர். ஒரு முடிகூடப் போகவில்லை. "இத மாட்டி மட்டும் குடுங்க" என்றார். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டும் எந்த வருடம் என்று சொல்லும். படித்துப் பார்த்தால் அந்த டயருக்கு ஒன்பது வயது. கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். வெடிப்பு வெடிப்பாக வாயைத் திறந்தது. மாட்ட முடியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு டயரையும் திரும்பத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "எம் மருமகனையும் தலைமுடியப் பாத்துத்தான்ம்மா முடிவு பண்ணுனேன்."

எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது

நாலில் இரண்டு டயர் மட்டும் புதுசாகப் போட்டால், அது பின்னால்தான் போகவேண்டும். தண்ணீர் நிற்கிற ரோட்டில் முன்டயர் வழுக்கினால் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். ஓட்டுகிறவர் சுதாரித்து வேகத்தைக் குறைத்துவிடலாம். பின்டயர் வழுக்கினால் சொல்லிக்கொண்டு வழுக்காது. வண்டி அப்படியே சுழன்றுவிடும். இதைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் என்னைக் கிறுக்கச்சி மாதிரி பார்ப்பார்கள். புதுசு முன்னால், பழசு பின்னால் என்றுதான் அவர்களுக்கு எல்லாமே.

ஓர் அரசு ஊழியரை அரை மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். புது டயர் பின்னால் ஏறியது. அப்புறம்தான் அவர் மனைவி பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பழத்தை முன்சக்கரத்துக்குக் கீழே வைத்து ஏற்றுவதுதான் வழக்கம். ஆனால் புதுசு பின்னால் இருக்கிறதே. பழைய டயருக்கு எதற்குத் திருஷ்டி கழிக்கவேண்டும் என்று அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. மாடசாமி அண்ணன் பழத்தை வாங்கிப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "ரிவர்ஸ் எடுங்க சார்" என்றார். பழம் இரண்டும் நசுங்கின. அந்த அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது சொன்னார்: "நல்ல காரியத்துக்குப் பொறப்படும்போதே பின்னால போன மொத வண்டி எங்க வண்டியாத்தான் இருக்கும்."

அத்தான் வந்த அன்று

என் அக்காவைக் கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் வீட்டு செடானுக்கு இரண்டு டயர் மாற்ற அத்தான் வந்தார். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. அடுத்த வாரம் அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். மாடசாமி அண்ணன் வழக்கம்போல ஜாக்கியைப் பின்னால் கொண்டுபோனார்.

"புதுச முன்னால போடச் சொல்லு கோமதி" என்றார் அத்தான். எடுத்துச் சொன்னேன். "இஞ்சின் முன்னால, ஸ்டியரிங் முன்னால, டயர் மட்டும் பின்னாலயா? இருவது வருசமா வண்டி ஓட்டுதேன், எனக்கே பாடம் எடுக்கியா?" என்றார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வெளியாளாக இருந்தால், வேறு கடையைப் பாருங்கள் என்று வாசலைக் காட்டியிருப்பேன். இவர் அக்கா வீட்டுக்காரர். நாலு பேர் முன்னால் அவர் முகம் வாடினால், அது அக்காவின் அடுப்படியில் போய் வெடிக்கும். சரி அத்தான் என்று சொல்லிவிட்டேன். கார் போனதும் மாடசாமி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா தாயி?"

திரும்பி நின்ற கார்

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மழை. நான் கடையில் இருந்தேனே தவிர எந்த வேலையும் ஓடவில்லை. போன் பண்ணி, மெல்லப் போங்க என்று சொல்லலாம்; அத்தான் அதையும் பாடம் என்பாரே என்று எடுத்த போனைக் கீழே வைத்தேன். மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். திரும்பி வரும் வழியில், தேவர்குளம் பக்கம் வளைவில் தண்ணீர் நின்றிருக்கிறது. அத்தான் வேகமாகக்கூடப் போகவில்லை. பின்பக்கம் வழுக்கி, கார் அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி கரிசல் காட்டுக்குள் இறங்கி நின்றிருக்கிறது. எதிரே பஸ் வராதது யார் செய்த புண்ணியமோ. சின்னவளுக்கு மட்டும் நெற்றியில் வீக்கம். அந்தப் பழைய டயரைப் பின்னால் விட்டது என் கடை.

மறுநாள் குடும்பத்தோடு வந்தார்கள். அத்தான் சாவியை மாடசாமி அண்ணனிடம் நீட்டி, "பின்னால மாத்திருங்க" என்றார். சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வீக்கம் இன்னும் வடியவில்லை. அக்காவிடம், "அத்தான் சொன்னாகளேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்: "அவுக மாப்பிள்ள முறுக்குல சொன்னாக, சரி. தெரிஞ்சவ நீ ஏன்ட்டி கேட்ட?"

ஆக, டயர் விற்கிறவளுக்குக் காற்றுப் பிடிக்கிற மெஷினைவிட அவசியமானது சொந்தக்காரர்களிடம் முடியாது என்று சொல்கிற வாய்தான், அது எந்தக் கம்பெனியிலும் ஸ்டாக் இல்லை.