தயிர் டப்பாவுக்குள் ஓர் அக்கார்டியன்

என் கணவர் போய், காரியம் முடிந்த கையோடு தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். தீட்டுக் கழிய வேண்டுமே! நல்ல மனசுதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் கராஜையும் விட்டுவைக்கவில்லை.

அங்கே மேஜைமேல் பழைய கேஜன் அக்கார்டியன் ஒன்று பிரித்துக் கிடந்தது. லூசியானாக்காரர்கள் துருத்தியை இழுத்து இழுத்து வாசிக்கிற பொத்தான் பெட்டி. ரிட்டயர் ஆனதும் ஹூஸ்டனில் எல்லாரும் கோல்ஃப் ஆடப் போவார்கள். இந்த மனுஷனுக்குப் பிடித்த பைத்தியம் இது. காற்றுப் பட்டால் ஒலிக்கிற எஃகு நாக்குகளை, ரீடுகளை, அரத்தால் சுரண்டிச் சுரண்டிச் சுருதி சேர்ப்பார். எந்தப் பொத்தானுக்கு எந்த ரீடு என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அத்தனையையும் ஒரு தயிர் டப்பாவில் அள்ளிப் போட்டு, "ஆன்ட்டி, அங்கிளோட சாமானெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிட்டோம்" என்று நீட்டினாள் ஒருத்தி. அடிப்பாவி! வாய் வரைக்கும் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவருக்காக அழுகிறேன் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதுவும்தான்.

பெட்டி அடுத்த தெரு வெள்ளைக்காரருடையது, அவருடைய காலமான அப்பா வாசித்தது; சரிசெய்து தரச் சொல்லி இவரிடம் கொடுத்திருந்தார். எந்த முகத்தோடு டப்பாவை நீட்டுவது? என் மகன் ஃபோனில், "அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம் சாரி" என்றான்.

"உங்கப்பா கை வெச்ச வேலைடா. போடா, வேலையைப் பாரு."

குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற காதை நம்பி உட்கார்ந்தேன். ஒவ்வொரு ரீடாக ஊதி, இது ஷட்ஜம், இது பஞ்சமம் என்று பிரித்தேன். என் கணவர் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் மெழுகை உருக்கி, அதனதன் இடத்தில் ஒட்டினேன்.

பெட்டிக்காரர் வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்து வாசித்தார். கீழ் ஸ்வரங்கள் கணீரென்று வந்தன. பாதிக்கு மேல் போனதும் பிசிறடித்தது. நான் அடுக்கியதில் தப்பில்லை, சத்தியமாக இல்லை. என் கணவருடைய அரம் அதுவரைதான் போயிருந்தது. பாட்டு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் கண் கராஜ் கதவுக்குப் போயிற்று.

பெட்டிக்காரருக்கும் புரிந்துவிட்டது. இது இப்படியே இருக்கட்டும், யாரையும் தொட விடமாட்டேன் என்றார். சரி என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் அது அவருடைய அப்பாவின் பெட்டி. வேறு யாரிடமாவது கொடுத்து மீதியையும் சரிசெய்துவிடுங்கள் என்றேன்.

இன்னொருவர் அரம் பட்டுவிட்டால், என் கணவர் எங்கே நிறுத்தினார் என்பது அப்புறம் யாருக்கும் கேட்காது. எழுந்தவரை மறுபடி உட்காரவைத்து, இன்னும் ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொன்னேன்.