ஐந்தாவது புகார்

திருச்செங்கோடு பக்கம் துண்டும் படுக்கை விரிப்பும் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பதிவேடுகள் எழுதுவது என் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘பொறுப்பான நிறுவனம்’ என்ற சான்றிதழ் கேட்டிருந்தார். ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் வந்து புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரிகூட இல்லை.

“காலியா இருந்தா சந்தேகப்படுவாங்க சார். சின்னதா நாலு புகார் போட்டு, தீர்த்து வெச்ச மாதிரி எழுதீருங்க.”

எழுதினேன். மின்விசிறிச் சத்தம், குழாய் ஒழுக்கு, வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை, சாம்பாரில் உப்பு. நான்கு பேனா, நான்கு விதக் கையெழுத்து. எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவன் பொய்யையும் ஒழுங்காகவே செய்தேன். நினைத்தால் இன்னும் எரிகிறது.

மறுநாள், ஓரம் மடித்துத் தைக்கும் பெண் ஒருவர் என் மேசைக்கு வந்தார்.

“ஏனுங்ண்ணா, புகார்ப் பெட்டில சீட்டுப் போட்டு ரெண்டு மாசமாச்சுங்க. யாராச்சும் படிச்சாங்களா?”

பெட்டிச் சாவி மேனேஜரிடம். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். பெண்கள் கழிப்பறையைச் சூப்பர்வைசர் பூட்டி வைத்திருந்தார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மட்டும் திறப்பார். இவருக்குச் சிறுநீர்த் தொற்று இரண்டு முறை வந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் கிட்னிக்கு ஆகாது என்று சேலம் அஸ்தம்பட்டியில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார்.

“தண்ணி நெறையாக் குடிங்கறாருங்க. குடிச்சுப்போட்டு எங்கீங்க போறது?”

மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அது நெசமான புகாருங்க சார். எழுதுனாத் தீர்க்கோணுமல்ல?”

அன்று மாலையே அதை ஐந்தாவதாக என் சொந்தக் கையெழுத்தில் எழுதினேன். ‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஆய்வுக்கு வந்த அம்மையார் நான்கு பொய்களுக்கும் டிக் போட்டார். ஐந்தாவதில் பேனா நின்றது. கழிப்பறை அங்கிருந்து இருபது அடி. எழுந்து போய்ப் பார்ப்பார் என்று நம்பினேன்.

“இந்தக் கட்டம் காலியா இருக்கே சார். நடவடிக்கை எடுத்து ஒரு ஃபோட்டோ அனுப்புங்க, முடிச்சிடலாம்.”

பூட்டைக் கழற்றினார்கள், கதவைப் படம் பிடித்தார்கள், அனுப்பினார்கள். மறுநாள் காலையில் பூட்டு திரும்பவும் தொங்கியது. நானே படம் எடுத்துச் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு அனுப்பினேன். அந்தப் புகார் ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது, அடுத்த ஆண்டு ஆய்வில் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டாம். ஒரு பெண்ணின் உடம்பு அதுவரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

“ஃபோட்டோப் புடிச்ச அன்னிக்கு நாலு வாட்டி போனனுங்ண்ணா, வேணுமின்னே,” என்றார் அவர். சிரிக்கத்தான் செய்தார். பத்து நாளில் மூன்றாம் முறையாகத் தொற்று வந்து வேலையை விட்டு நின்றார்.

விலகல் பதிவேட்டில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதச் சொன்னார் மேனேஜர். ‘கழிப்பறைக்குப் பூட்டு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். முடியாதுங்க என்றேன்.