குல்லாவுக்குள் குழந்தை, புகைக்குள் நான்

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த எங்கள் பாப்பாவுக்கு இரண்டு வயது. மனைவி ஒரு வளைகாப்புக்காக விழுப்புரம் போயிருந்தபோது, சளியோடிருந்த பாப்பாவை கிளியனூர் வீட்டில் நான்தான் பார்த்துக்கொண்டேன். மத்தியானம் அவளுக்கு மூச்சு கர்கர்ரென்றது.

உடனே வீரமாகக் களத்தில் இறங்கினேன். ஜன்னலைச் சாத்தினேன். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மேலே என் சால்வை. சாம்பிராணியும் போட்டேன். குழந்தையை நானே தேடுமளவு புகை. இருமல் கூடியது. மனைவிக்குப் போன் செய்தேன்.

“சாம்பிராணி போட்டுக்கினுதான் இருக்கேன், இருமல் நிக்கல.”

“ஐயோ, புகையா? மொதல்ல வெளிய தூக்கினு வாங்க. சட்டையத் தூக்கிப் பாருங்க. மூச்சு இழுக்கறப்ப விலா எலும்புக்குக் கீழ குழி விழுதா?”

“சட்டை எங்க இருக்குன்னே தெரியல.”

“வெளையாடாதீங்க, பாருங்க!”

உரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. அதற்குமேல் எனக்கு ஜோக் வரவில்லை.

“விழுது.”

“ஜல்தியா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் நேரா அங்க வர்றேன்.”

ஆட்டோவில் பாப்பாவைவிட நான்தான் அதிகம் மூச்சு வாங்கினேன். நிமோனியா என்று உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். “நல்லவேளை, கவனிச்சிட்டீங்க” என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த மனைவி முறைத்தாள். பாப்பா பிழைத்து வீடு திரும்பினாள்.

இப்போது சளி என்றால் புகை போடுவதில்லை. முதலில் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். அவளுக்குக் கூச்சம், சிரிக்கிறாள். சிரிக்கும்போது மூச்சு சரியாகத் தெரியாது. அவள் சிரித்து ஓயும்வரை காத்திருந்து பார்க்கிறேன்.