ஒண்ணுமில்ல, நம்ம கடையில...

என் அக்கா வீட்டுக்காரர் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். தூங்குவதற்கான பொருளை விற்றுக்கொண்டு, எதிரில் இருப்பவரைக் கண்மூட விடாமல் பேசுகிறவர். தலையணை உறை வாங்க வந்தவரிடம் அவருடைய மாமனாரின் முட்டிவலி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் உறையை எடுப்பார். ஆனால் கேட்டதற்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். தங்கமான மனிதர்தான், காது மட்டும் சும்மா அழகுக்கு ஒட்டியிருக்கிறது.

இந்தக் குணத்தால்தான் அவருக்குத் தன் தம்பியோடு பேச்சுவார்த்தை அறுந்தது. இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. "ஒரு நாளாவது என்னைப் பேச விட்டிருக்கீங்களாண்ணே?" என்று ஒரு நாள் கத்திவிட்டு, தம்பி அடுத்த தெருவில் தனியாக நாற்காலிக் கடை போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஊரையே நலம் விசாரிக்கிற அத்தான், தம்பியிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. "அவனே முதல்ல கூப்பிடட்டும்" என்று இவர் முறுக்கிக்கொள்ள, அண்ணன்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் அங்கே வீம்பு பிடிக்க, நடுவில் என் அக்காதான் அழுது தீர்த்தாள். அத்தானும் உள்ளுக்குள் உடைந்துதான் போயிருந்தார். எனக்கோ இரண்டு பேரையும் ஒரே மெத்தையில் சுருட்டிக் கட்டிப்போடலாம் போல எரிச்சல்.

பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் பூட்டை உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தான் அலாரம் வாங்கினார். பூட்டிய கடைக்குள் ஏதாவது அசைந்தால் சைரன் அலறும். கூடவே ஒரு பெட்டி, கடை நம்பரிலிருந்து தானாகவே போன் போட்டு, பதிவு செய்து வைத்ததைச் சொல்லும். எடுத்தவர் ஏதாவது ஒரு எண்ணை அழுத்தும்வரை சொன்னதையே சொல்லும். அழுத்தாமல் வைத்துவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடும்.

"சுருக்கமா விஷயத்தை மட்டும் சொல்லுங்க சார். கொஞ்ச நேரம்தான் பதிவாகும்" என்றார் மாட்ட வந்தவர்.

அத்தானிடம் போய் சுருக்கமாகவா! தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "நான்தான் பேசறேன். நல்லா இருக்கியா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க படிக்குதா? சாப்பிட்டியா? உடம்பப் பாத்துக்க. ஒண்ணுமில்ல, நம்ம கடையில..."

அதற்குள் நேரம் முடிந்து பெட்டியின் பதிவு விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி பதிவு செய்தார்கள். மறுபடியும் 'நம்ம கடையில'தான்.

"எடுத்த எடுப்பிலேயே திருடன்னு சொன்னா எதிர்ல இருக்கறவன் பயந்துர மாட்டானா?" என்று அத்தான் அடித்துப் பேசினார். மாட்ட வந்தவர் தலையில் கைவைத்துக்கொண்டு, கூப்பிட வேண்டிய எண்களைக் கேட்டார். ஒன்று அத்தானுடையது, அடுத்தது என்னுடையது. "கடைக்குப் பக்கத்துல யாராவது?" என்றதும், அத்தானுக்குத் தெரியாமல் அக்கா தம்பியின் எண்ணைச் சொல்லிவிட்டாள்.

ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அத்தான் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். உள்ளே சுருட்டி நிறுத்தியிருந்த மெத்தை ஒன்று கயிறு அறுந்து தொப்பென்று விரிந்தது. சைரன் அலறியது. பெட்டி முதலில் அத்தானைக் கூப்பிட, அவருடைய போன் கடை மேஜையிலேயே கிடந்து சிணுங்கியது. அடுத்து என்னைக் கூப்பிட்டது. நானும் எடுத்து, "நல்லா இருக்கேன் அத்தான், சாப்பிட்டுட்டு கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்வது, தினமும் இப்படித்தானே கூப்பிடுகிறார்!

சைரன் சத்தம் கேட்டு அக்கா என்னைக் கூப்பிட்ட பிறகுதான் ஓடினேன். நான் போனபோது அத்தான் சைரனை நிறுத்திவிட்டு, விரிந்து கிடந்த மெத்தைமேல் அசடு வழிய நின்றிருந்தார். அக்கா வாசலில் நின்றிருந்தாள். அப்போதுதான் தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் போன், கண்ணெல்லாம் சிவப்பு.

"நீங்க திருந்தவே மாட்டீங்களாண்ணே? இத்தனை நாள் கழிச்சு நீங்களே கூப்பிட்டீங்களேன்னு ஆசையா எடுத்தா, பதில் சொல்ல விடறீங்களா? நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நான் கத்தறேன், நீங்க பாட்டுக்குத் திரும்பத் திரும்ப அதையே கேக்கறீங்க! கடையிலன்னு சொல்லிட்டு வேற நிறுத்தறீங்க. உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு ஓடி வரேன்!"

"டேய், அது நான் இல்ல, அந்தப் பெட்டி..." என்று அத்தான் ஆரம்பித்தார். அக்கா அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். அத்தான் அவளைப் பார்த்தார், பிறகு வியர்த்து நின்ற தம்பியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா பார்த்திராத காட்சி அது.

"நல்லா இருக்கியாடா?" என்றார் மெதுவாக.

கேட்டுவிட்டு அப்படியே நின்றார். அடுத்த கேள்வி வரவில்லை. தம்பியும் அதை எதிர்பார்த்து நின்றுவிட்டு, வராது என்று தெரிந்ததும் திணறிப்போனார்.

"இல்லண்ணே" என்றார். "வியாபாரமே இல்ல. அதைச் சொல்லக்கூட எனக்கு ஆள் இல்ல."

அத்தான் மெத்தையில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

"உக்காரு. சொல்லு."