மாடிப்படி சுவிட்ச்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடிக்கு வைஃபை ஏறாது. மகளின் ஆன்லைன் இன்டர்வியூவுக்காக, சிக்னலை மேலே கடத்தும் மெஷ் பெட்டிகளை நானே மாட்டினேன். அதில் ஒன்று மாடிப்படியில்.

இன்டர்வியூ அன்று ஒட்டுக்கேட்கலாமென்று மேலே ஏறினேன். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அணைப்பது என் பிறவிக் குணம். படியில் விளக்கு மினுங்கிய பெட்டியைக் கண்டதும் கை தானாக சுவிட்சை அணைத்துவிட்டது.

“சார்? கேக்குதா சார்?” என்றாள் மகள். பதறி மறுபடி போட்டேன். பாதி திறந்த கதவு வழியே, சுவிட்சில் என் கை இருப்பதைப் பார்த்தாள்.

இணைப்பு திரும்பியதும், “சாரி சார், எங்க ஏரியால கரன்ட் போயிடுச்சு” என்றாள்.

முடியும்வரை சுவிட்சுக்குக் காவலிருந்தேன். வெளியே வந்தவள், “இன்னா நைனா, இனிமே கரன்ட் போவாதுல்ல?” என்றாள்.

பிள்ளைகளுக்காகப் பொய் சொல்வது பெற்றவர்கள் வேலை என்றிருந்தேன். அவள் அதை எப்போது எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.