மூன்று ராத்தல்

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. வெல்டிங் பட்டறை வைத்திருந்த செல்வம் என் நண்பன். அவன் தங்கை மேரிக்கு இளம்பிள்ளை வாதம். டவுன் தையல் கடைக்கு அவள் தானே போய்வர, சைக்கிள் குழாய்களும் சின்ன மோட்டாரும் வைத்து மூன்று சக்கர வண்டி செய்தான். அது தோட்டத்து மேட்டில் ஏறவில்லை.

"வெயிட் குறையணும் அண்ணே. நாளைக்குப் பாக்கலாம் லா," என்று சாப்பிடப் போனான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்த குறுக்குக் குழாயை அறுத்தெடுத்து, பால் தராசில் நிறுத்தேன். மூன்று ராத்தல்.

மறுநாள் செல்வம் மட்கார்டுகளைக் கழற்றினான்; இருக்கைக்கு அடியில் பார்க்கவில்லை. வண்டி மேடு ஏறியது. "இனி பஸ்காரனையே முந்திருவேன் லா!" என்று மேரி கூவினாள். செல்வம் என்னைக் கட்டிக்கொண்டான். அந்த மகிழ்ச்சியில் குழாயைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன்.

பத்தாம் நாள் லகாட் சாலையில் வண்டி நடுவே முறிந்தது. பின்னால் வந்த லாரி மேரியின் மேல் ஏறியது. நசுங்கிய இரும்பில் எந்தக் குழாய் இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் வெல்டிங்தான் விட்டிருச்சு அண்ணே. நானே கொன்னுட்டேன்."

"எல்லாம் ஆண்டவர் சித்தம், தம்பி," என்றேன்.

அதன்பின் அவன் பட்டறையைத் திறக்கவே இல்லை. போன வருடம் இறந்துபோனான். அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். இதனால் அவனுக்கு இனி ஒரு பயனும் இல்லை.